மருந்து அடிக்காத பாதி

அந்த ஆராய்ச்சியைக் கெடுத்தவன் நான். பவானி மிஸ் அல்ல... நான்தான்! இதை நீங்கள்தான் முதன்முதலாகக் கேட்கிறீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் ஒரு பூச்சிமருந்துக் கொம்பனி. இங்கே வடக்கில் பல்கலைக்கழக வளாகம். இரண்டுக்கும் நடுவே ஓடித் திரிவதே என் உத்தியோகம். மிளகாய் இலை சுருளும் நோய்க்குக் கொம்பனி கொண்டுவந்த புது மருந்தை, வளாகத்தில் படிப்பித்த பவானி மிஸ் சோதித்துப் பார்ப்பதாக ஒப்பந்தம். சோதனை திருத்தமாக முடிந்தால் அவருக்கு ஆய்வுகூடம், மேற்படிப்பு எல்லாம் கொம்பனி பொறுப்பு.

அளவெட்டியில் செல்லத்துரையரின் மிளகாய்த் தோட்டத்தைத் தெரிந்தெடுத்தோம். பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு ஒரு சொட்டும் கூடாது. கிழமைக்கொருமுறை போய்ப் பார்த்து, மறுபாதிக்கு மருந்து படவில்லை என்று கையெழுத்து வைக்கவேண்டியவன் நான்.

மறுபாதி சுருண்டது. எங்களுக்கு அதுதானே வேண்டும்! ஆனால் செல்லத்துரையருக்கு அது மானம் போகிற காரியம். தோட்டத்தை ஒட்டிய ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்து நக்கலடிக்கிறார்களாம். மகளைப் பெண் பார்க்க வருகிற பகுதியாரும் அந்த ஒழுங்கையால்தான் வரவேண்டும்.

"தம்பி, ஒருக்கா அடிக்கட்டோ? மிஸ்ஸுக்குச் சொல்லாதையுங்கோ" என்றார்.

ஓம் என்றுவிட்டேன்... அவர் ஒருமுறையோடு நிறுத்தவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கிழமைதோறும் கையெழுத்து வைத்தேன்.

இரக்கமா அது? அப்படித்தான் நெடுங்காலம் என்னையே பேய்க்காட்டி ஏமாற்றினேன். மகளின் கலியாணம் ஒப்பேறிய பிறகாவது சொல்லியிருக்கலாமே! கள்ளக் கையெழுத்து வெளிவந்தால் என் வேலை போய்விடும். அந்தப் பயம்தான்... வேறொன்றுமில்லை.

அறுவடையில் இரண்டு பாதியும் ஒன்றுபோலக் காய்த்தன. வேறுபாடு இல்லை என்று மிஸ் உள்ளதை எழுதினார். சோதனை கவனயீனமாக நடந்திருக்கிறது என்று கொம்பனி ஒப்பந்தத்தை முறித்தது. அந்தக் கடிதத்தைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நானே. படித்து முடித்தவர், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்படி சொன்னார். குடித்தேன்... அதையும் குடித்தேனே!

போன மாதம் நல்லூரில் ஒரு டியூட்டரி வாசலில் அவரைக் கண்டேன். இப்போது அங்கேதான் படிப்பிக்கிறார். சுகம் விசாரித்துவிட்டு, திடீரென்று கேட்டார்.

"அண்ணை, சுருண்ட செடி எப்பிடித் தேறினது? இன்னும் எனக்கு விளங்கேல்லை."

இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்! சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. வாயில் வந்தது வேறு.

"அந்த முறை மழை கூட, மிஸ். பூச்சியைக் கழுவிக்கொண்டு போயிருக்கும்."

அவருடைய முகம் தெளிந்தது. "ஓம்... மழையை நான் யோசிக்கேல்லை. அப்ப பிழை என்னிலைதான்" என்றார்.

மணி அடித்தது. அவர் வகுப்புக்குள் போனார். நான் சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன்... கூப்பிடவில்லை.