மதுரைக்குப் போன மாத்திரை

தில்லி கிட்வாய் நகரில் எங்கள் கீழ்வீட்டில் மகனோடு இருந்தார் அந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா. நெடுநெடுவென்ற உயரம், எப்போதும் புடைத்திருக்கும் சட்டைப் பை. யாராவது மதுரைக்கு ரயில் ஏறுகிறார்கள் என்றால் போதும், பையிலிருந்து ஆஸ்பிரின் அட்டைகளை எடுத்து நீட்டிவிடுவார். இதயத்துக்காக அவர் தினமும் சாப்பிடும் மாத்திரை அது. மதுரையில் தம்பிக்கும் அதே நோய்.

"அங்க கிடைக்காததா சார்?" என்பேன்.

"தில்லி மருந்துக்கு வீரியம் ஜாஸ்தி, பையா!"

தவறாமல் சாப்பிட்டும் தம்பி மாரடைப்பில் போய்விட்டார். கொஞ்ச நாளில் இவருக்கும் வந்தது; பிழைத்துக்கொண்டார். பார்க்கப் போனேன்.

"சிலருக்குப் பிறவியிலேயே ஆஸ்பிரின் சரியாக் கேக்காதாம்; சோதிச்சதுல எனக்கும் அப்படித்தான். பரம்பரையா இருக்கலாம்ங்கிறார் டாக்டர். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லுவாங்க. எங்களுக்கு ரத்தமும் ஒண்ணாப் போச்சே."

"தம்பிக்கும் அதுதான்னு நிச்சயமா சார்?"

"எரிச்சாச்சு. இனி யாரைச் சோதிக்க?"

பேச்சை மாற்ற நினைத்து, அடுத்த வாரம் மதுரை போகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன். பழக்கத்தில் அவர் கை சட்டைப் பைக்குப் போனது. போன கை, நான் எழுந்து வரும்வரை வெளியே வரவேயில்லை.