ஞானம்மாள் அண்ணி மூடிவைத்த புத்தகம்

போன வெள்ளிக்கிழமை பட்டுக்கோட்டையில் மகள் வீட்டில் இருந்தேன். காலையில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. "அத்தை, அம்மா போயிட்டாங்க" என்றான் அண்ணன் மகன். பஸ் பிடித்துக் கீழ்வேளூரில் இறங்குவதற்குள் கடைத்தெருவில் அண்ணிக்குப் பேனர் கட்டிவிட்டார்கள். அனைவருக்கும் அன்னையாய் வாழ்ந்தவராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞானம்மாள் அண்ணி பெற்ற பிள்ளையிடமே அதட்டித்தான் பேசுவார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தரங்கம்பாடியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் கூலிக்காரத் தெருவுக்கு வந்தபோது, பெட்டியில் இரண்டு சேலையும், பள்ளியில் பரிசாகக் கிடைத்த ஒரு கதைப் புத்தகமும் இருந்தன. அட்டையைக் கரையான் தின்றிருந்ததால் அதன் பெயர் எங்களுக்குத் தெரியாது. பணக்கார வீட்டு நாயைத் திருடிப் பனிப் பிரதேசத்தில் விற்றுவிடுகிறார்கள். அடியும் பட்டினியுமாக அது காட்டில் உயிர் பிழைக்கப் பார்க்கிற கதை.

ஆட்சி மாறியிருந்த சமயம் அது. இனி ஏழைகளின் காலம் என்று மேடைதோறும் முழங்கினார்கள். எங்கள் ஊரில் மாறியது, பண்ணையாருக்காக எங்களை வேலை வாங்கும் காரியக்காரரின் வேட்டிக்கரை மட்டும்தான். கூலியை உயர்த்தாமல் அறுவடைக்கு இறங்குவதில்லை என்று தெருவே உட்கார்ந்துவிட்டது. வேலையில்லாத அந்தப் பகல்களில் வாய்க்கால் கரையில் அண்ணி புத்தகத்தை வாசிப்பார்.

"பனின்னா நம்ம மார்கழிப் பனியா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுக் காத்தான் மாமா.

"வேதாரண்யத்துல உப்பளம் பாத்திருக்கீங்கல்ல? அது மாதிரி கண்ணுக்கு எட்டுன மட்டும் வெள்ளை."

தடியால் அடித்து நாயைப் பழக்குகிற இடம் வந்தது. "நம்ம காரியக்காரரு அங்கயும் போயிட்டாரா?" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தோம். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் தெருவில் ஆண் நாய் வளர்க்கக் கூடாது. அது பண்ணை வைத்த கட்டுப்பாடு. எங்கள் நாய் பண்ணை வீட்டுப் பெட்டையோடு சேர்ந்துவிடக் கூடாதாம். பிறக்கிற ஆண் குட்டிகளை நாங்களே வாய்க்காலில் விட்டுவிடுவோம். அதைப் பற்றி யாரும் யோசித்ததுகூட இல்லை. அண்ணிதான் தாய்வீட்டுக்குப் போனவர் ஓர் ஆண் நாயைக் கயிற்றில் பிடித்து வந்து, ராசா என்று ஊர் கேட்கக் கூப்பிட்டார்.

சில நாளில் காரியக்காரர் பேச்சுவார்த்தைக்கு வந்தார். கேட்ட கூலி தருவோம், அந்த நாயைப் பண்ணையில் ஒப்படைத்துவிட வேண்டும் என்றார். ஆண்கள் கூடினார்கள்.

"ஒரு நாய்க்காகத் தெருவே பட்டினி கெடக்கணுமா?" என்றார் என் அண்ணன்.

"கூலி நம்ம வேர்வைக்கு. அதுக்கு எதுக்கு நாயைக் கேக்குறான்? இன்னைக்கு நாயைக் குடுப்பீங்க. நாளைக்கு என்னத்தக் கேட்டாலும் குடுப்பீங்க" என்றார் அண்ணி.

அவர் தண்ணீருக்குப் போன நேரத்தில் அண்ணனும் காத்தான் மாமாவும் ராசாவைப் பண்ணைக் களத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார்கள். மறுநாள் அறுவடை தொடங்கியது.

அண்ணி அறுப்புக்கு வரவில்லை. உச்சி வெயிலில் நேரே களத்துக்குப் போய் நாயை அவிழ்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் அறுத்துக்கொண்டிருந்த வயலின் வரப்பு வழியாகவே வந்தார். "புடிங்கடா அவளை" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே வந்தார் காரியக்காரர். பெண்கள்தான் முதலில் நிமிர்ந்தோம். கையில் அரிவாள் இருந்தது. பிறகு ஆண்களும் நிமிர்ந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. நன்றாக முற்றிய கதிர், அறுப்பு நின்றால் மணி கொட்டிப்போகும். காரியக்காரர் வாயை மூடிக்கொண்டார். கூலியும் கிடைத்தது, நாயும் வீட்டுக்கு வந்தது. அடுத்த வருடம் தெருவெல்லாம் ஆண் நாய்கள் குரைத்தன.

அதன் பிறகு எல்லாரும் அண்ணியைப் புகழ்ந்தார்கள். அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை. சாயந்திரம் கரையில் கூடி மிச்சக் கதையைப் படிக்கச் சொன்னார்கள். "நாயைப் புடிச்சுக் குடுத்த ஆம்பளைங்களுக்கு மிச்சக் கதை எதுக்கு?" என்று புத்தகத்தை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டார். அண்ணன் கெஞ்சியும் பார்த்தார், சண்டையும் போட்டுப் பார்த்தார். சாகும்வரை அவருக்கும் முடிவு தெரியாது. அண்ணி இவ்வளவு வன்மம் வைப்பாரா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வைப்பார். அதற்காகவே நான் அவரை நேசித்தேன்.

சாவுக்குக் காரியக்காரரின் பேரன் பெரிய மாலையோடு வந்தார். கட்சியில் பொறுப்பில் இருக்கிறாராம். "அம்மா எல்லாருக்கும் பொதுவானவங்க" என்றார். மாலையை வாங்கி வேலியில் போட்டேன்.

குழிமேட்டில் காத்தான் மாமா கோலூன்றி நின்று அழுதார். "அந்தக் கதையில வர்ற நாய் பொழச்சுதா செத்துதான்னு கடைசிவரைக்கும் சொல்லாமலே போறாளே. உனக்காச்சும் தெரியுமா ஆத்தா?"

எனக்குத் தெரியும். அந்த அறுப்புக்கு அடுத்த நடவிலேயே, குனிந்து நாற்று நட்டபடி, முழுக் கதையையும் பெண்கள் எங்களுக்கு அண்ணி சொல்லி முடித்திருந்தார். எங்களில் ஒருத்தியும் இன்றுவரை வாய் திறந்ததில்லை.

நிம்மதியாகப் போங்கள், அண்ணி. மாமாவிடம் நான் சொல்லவில்லை.