ஷட்டர் சக்கரத்தைத் திருடியவள்

இல்லாத ஓர் ஊரில், பகடையை உருட்டி, ஓர் இரும்புச் சக்கரத்தைத் திருடியதற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? சமூகப்பணியில் முதுகலை முடித்த எனக்கு இந்தக் கேள்வி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், டவுணில் ஒரு மாடி அறையில் வந்து சேர்ந்தது.

நாங்கள் மூவர், கல்லூரித் தோழிகள்; ஞாயிறுதோறும் கூடி ஒரு கதை விளையாட்டு ஆடுவோம். பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருப்பவள், தன் வீட்டு மாடியில், கதையை நடத்துவாள். ஊர், காடு, அரசன், அங்காடி எல்லாம் அவள் சொல்லச் சொல்ல உருவாகும். மற்ற இருவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்வோம். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவள் வாள்வீராங்கனை. நான் திருடி.

திருடியாக இருப்பதற்கு என்னிடம் நியாயம் தயாராக இருந்தது. கொடுங்கோலனின் கருவூலத்தில் எடுப்பேன்; பதுக்கல் வணிகனிடம் எடுப்பேன்; ஏழை வீட்டில் கை வைக்க மாட்டேன். உடையவருக்கு வலிக்குமா என்று எடைபோட்ட பிறகே எடுப்பேன். அப்படித்தான் ஒரு நாள், கதையில் வந்த ஒரு வாய்க்கால் மடையில், தண்ணீரைத் தடுக்கும் ஷட்டரை ஏற்றி இறக்கும் இரும்புச் சக்கரத்தைப் பார்த்தேன்.

"அரசனோட சொத்துதான? கழட்டுதேன்" என்றேன். பகடையில் இருபது விழுந்தது; முழு வெற்றி.

வாள்வீராங்கனை கைதட்டினாள். "ஏளா, அதத் தூக்கிக்கிட்டு எங்கன போவ? இடுப்புலயா சொருகுவ?"

கதை நடத்துபவள் மட்டும் சிரிக்கவில்லை. "சரி, எடுத்துட்ட" என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். அடுத்து வந்த சந்தையில் அதை விற்றேன்.

மறு வாரம் கதை அதே ஊர் வழியாகத் திரும்பியது. ஷட்டரைத் திறக்க வழியில்லாமல் கடைமடை வயல்கள் கருகிக் கிடந்தன. மடையைப் பார்த்துக்கொண்டிருந்தவரே சக்கரத்தை விற்றுவிட்டார் என்று சொல்லி ஊரார் அவரை ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"என்னைய யாரும் தேடலையா?" என்று கேட்டேன்.

"தேடல."

"அப்பம் நான் தப்பிச்சாச்சு."

"ஆமா, நீ தப்பிச்சாச்சு. அவருதான் மாட்டிக்கிட்டாரு."

நான் விடவில்லை. பகடை கொடுத்த வெற்றிக்குத் தண்டனை தருவது முறையல்ல என்று வாதாடினேன். "வெளையாட்டுதான ட்டி, இல்லாத ஆளுக்கு ஏன் இப்படி உருகுத?" என்றும் சொன்னேன். கதை நடத்துபவள் பகடையை எடுத்துப் பைக்குள் போட்டாள். "இனி நீயே நடத்து. என்னால முடியாது."

பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னாள். ஞாயிறுதோறும் எங்களுக்குக் கீழே கேட்டைத் திறந்துவிடும் அவளுடைய அப்பா, முன்பு ஏரல் பக்கம் வாய்க்கால் ஷட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கராக இருந்தவர். அவள் எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரு ஷட்டரின் சக்கரத்தை யாரோ பழைய இரும்புக்காகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீர் கிடைக்காத வயல்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "எவ்வளவுக்குவே வித்தீரு?" என்று கேட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் ஓய்வு பெறும்வரை அந்தக் கரையில் இருந்த டீக்கடையில் அவர் உட்காரவில்லை. எடுத்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

கடைமடை விவசாயிகளைப் பற்றித்தான் நான் என் ஆய்வேட்டை எழுதியிருந்தேன். தலைமடைக்காரர்களிடம் கேட்டேன், கடைமடைக்காரர்களிடம் கேட்டேன். நடுவில் நின்று ஷட்டரை ஏற்றுபவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

இன்னும் ஒரே ஒரு வாரம் நடத்தச் சொல்லி அவளைக் கெஞ்சினேன். நடத்தினாள். சக்கரத்தை விற்றுவிட்டதால் என் திருடி வெறுங்கையோடு அந்த ஊருக்குப் போனாள். ஊரார் நம்புவார்களா என்று பார்க்க நான் பகடைக்குக் கை நீட்டினேன். அவள் அதைக் கையால் மூடிக்கொண்டாள். "இதுக்குப் பகடை கெடையாது. நீயே சொல்லு."

வாள்வீராங்கனை ஊர்ப் பெண்ணாகவே மாறிவிட்டாள். "யாருளா இவ? பயிரெல்லாம் கருகிக் கெடக்கு, கல்யாண வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கா பாரு!"

"சக்கரத்த எடுத்தது நான். இவரு விக்கல. இவருக்கு ஒண்ணுமே தெரியாது." இதைத் தரையைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னேன்.

இப்போது கதை நடத்துபவள்தான் மடைக்காரர். "இன்னொரு தடவ சொல்லு தாயி, பின்னால நிக்கவுகளுக்குக் கேக்கல" என்றாள்.

உரக்கச் சொன்னேன். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "போதும் ட்டி. கீழ அப்பாவுக்கே கேட்டிருக்கும்."

அன்று பகடைப் பையை மூடியதோடு அவள் எங்களை விட்டு விலகியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், வீட்டில்கூடப் பேசாத ஒன்றை என்னிடம் சொன்னாள். வாதாடிய வாயாலேயே ஒப்புக்கொள்ளவும் இடம் கொடுத்தாள். திருட்டின் அடி பொருளின் சொந்தக்காரர்மீது மட்டும் விழுவதில்லை, அதற்குப் பொறுப்பாக நின்றவர்மீதும் விழுகிறது என்பதை நான் அறிந்தது அவளால்தான். அதற்காக அவளுக்கு நன்றி சொல்லத் தொடங்கினால், "சும்மா கெட" என்று அடக்கிவிடுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இப்போதும் திருடிதான். ஒரு பொருளை எடுக்கும் முன், இது யார் பொறுப்பில் இருக்கிறது என்று அவளிடம் கேட்கிறேன். பதிலைக் கேட்ட பிறகு, பல நேரங்களில் எடுக்காமல் வந்துவிடுகிறேன்.