மண் குவியலில் விரல் தடம்

1. புல் முளைத்தது

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் யூனிட்டில் பினிஷிங் பிரிவின் சூப்பர்வைசராக இருந்தேன். சுடாத கோப்பைகளை ஸ்பாஞ்சால் துடைத்துச் சரிசெய்யும் பெண்கள் என் பொறுப்பு.

வந்து இறங்கும் களிமண்ணை உடனே அரைக்க மாட்டோம். யார்டில் குவியலாகக் கிடந்து மாதக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டால்தான் அது இளகும். அதற்குள் புல் மண்டிவிடும். அந்தப் புல்லில் பாம்பைப் பார்த்துப் பதறிய மேனேஜர், களைக்கொல்லி அடிக்கச் சொன்னார். புல் கருகியது. மழை பெய்ததும் மறுபடி துளிர்த்தது.

"பாத்தீங்களா, புல்லே வந்துடுச்சி. மருந்து எப்பவோ போயிடுச்சி," என்றார். நானும் நம்பினேன்.

2. கிள்ளிய இடம்

காலையில் அந்தக் குவியலைக் கடக்கும்போது, ஓரத்தில் மண் கிள்ளப்பட்டிருக்கும். விரல் நகம் தெளிவாகப் பதிந்திருக்கும். மறுநாள் அதன் பக்கத்திலேயே இன்னொன்று. பேய் என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள்.

மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் என் பிரிவு ஜமீலாவை ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். முழுகாமல் இருந்தாள். கணவன் குவைத்தில்.

"மழ பேஞ்ச மண்ணு வாசன வந்தா இருக்க முடியலக்கா. வூட்டுல திட்டுவாங்க, சொல்லிடாதீங்க."

மண் தின்னும் மசக்கை எங்கள் ஊரில் புதிதல்ல. ஆனால் மருந்து அடித்த அந்தக் குவியல்! அன்றே களைக்கொல்லி விற்கும் கடைக்குப் போனேன்.

"பாய், புல்லு முளைச்சா மருந்து போயிடுச்சின்னுதான?"

"அப்படி இல்லீங்க. களிமண்ணு மருந்தக் கெட்டியாப் புடிச்சிக்கும், வேருக்குக் குடுக்காது. அதனால புல்லு வருது. மருந்து மெதுவா ஒடையும். ஒடைஞ்சி வர்றது இன்னும் ரொம்ப நாளு மண்ணுலயே கெடக்கும்."

"அந்த மண்ணு வயித்துக்குள்ள போனா?"

"மண்ண யாருங்க திங்கப் போறாங்க?" என்று சிரித்தார்.

3. சாப்பாட்டு நேரம்

மறுநாளே ஜமீலாவை வீட்டுக்கு அனுப்பினேன். டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னேன். மேனேஜரிடம் சண்டை போட்டேன். "லாரி வரட்டும், அள்ளிடலாம்," என்றார். பின்னாளில் ஜமீலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லா இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அழுதுவிட்டேன்.

லாரி மட்டும் வந்தபாடில்லை. ஜமீலா போன பிறகும் குவியலில் கிள்ளல் நிற்கவில்லை. தினமும் புதிது. சில நகங்கள் சிறியவை, சில அகலமானவை.

யாரோ அந்த மருந்து மண்ணைத் தின்கிறார்கள், அது விஷம் என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொன்னேன். யார் அது என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. குனிந்தபடி சாப்பிட்டார்கள். கடைசியில் ஒருத்தி மட்டும் மெல்லக் கேட்டாள்:

"இதுவரைக்கும் தின்னதுக்கு என்னா ஆவும்க்கா?"

இன்றும் எனக்குத் தெரியாது.

யார்டு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். மருந்து அடிக்கும் முன், அந்த மண்ணை யார் மிதிப்பார்கள், யார் தொடுவார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். யார் தின்பார்கள் என்றும் கேளுங்கள். தின்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பதில் வராது. அடிக்காதீர்கள்.