அம்மா ஜாடை

அக்காவுக்கு மார்புப் பரிசோதனை நடக்கும் நாளில் எங்கள் வீட்டில் பிரியாணி வாசனை வரும். அப்பா அம்பத்தூர் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, அயனம்பாக்கத்திலிருந்து அவளை ஷேர் ஆட்டோவில் வேலப்பன்சாவடிக்குக் கூட்டிப்போய், அங்கே பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவார். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், திரும்பும்போது வேலப்பன்சாவடியில் இறங்காமல் பூந்தமல்லி வரை போய் அவளுக்குப் பிரியாணி வாங்கித் தருவார். தலை கொள்ளாத மல்லிப்பூவோடு வந்து இறங்குவாள் மகாராணி. எனக்கும் ஒரு பொட்டலம் வரும். அதில் முட்டை இருக்காது.

அம்மா மார்புப் புற்றுநோயில் போனபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அக்கா அம்மாவை உரித்து வைத்த மாதிரி இருப்பாள். அதே கண், அதே சுருட்டை முடி, சிரித்தால் அதே கன்னக்குழி. நான் அப்பா ஜாடை, மூக்கு உட்பட. காரியத்துக்கு வந்த சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் அக்காவின் முகத்தைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார்கள். அம்மாவின் புடவைகளும் நிறம் பொருந்துகிறது என்று அவளுக்கே போயின. செத்தது எனக்கும் அம்மாதானே என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. வயிறெரியப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பெண்கள் வளர்ந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டி வந்து காட்டுங்கள் என்று அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். யாரைக் கூட்டிப்போவது என்பதில் அப்பாவுக்கும் உறவுக்காரர்களுக்கும் சந்தேகமே எழவில்லை. முகம் யாருக்கு வந்ததோ அவளுக்குத்தான் நோயும் வரும். அக்காவுக்குக் கல்யாணமாகி திருவேற்காட்டுக்குப் போன பிறகும் அப்பாதான் அங்கே போய் அவளைக் கூட்டிப் போவார். எனக்கும் கல்யாணமாகி, இருபத்தைந்து முடிந்ததும் ஒருநாள், என்னையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டேன். "உனுக்கு இன்னாத்துக்குமா? நீ என்னியாட்டம் கீற. உனுக்கு ஒண்ணும் வராது" என்றார். எனக்கும் பரிசோதனை ஒன்றும் பெரிதில்லை. அப்பாவோடு அப்படி ஒரு நாள் வேண்டியிருந்தது. அக்காவுக்கு அது வருஷம் தவறாமல் கிடைத்தது.

அப்பா போன அடுத்த வருஷம், குளிக்கும்போது என் இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. எனக்கு முப்பத்தைந்து வயது.

"அம்மாவுக்கு அத்தனை சின்ன வயதில் வந்திருக்கிறது. நீங்கள் ஏன் ஒரு தடவைகூடப் பரிசோதனைக்கு வரவில்லை?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அக்காதான் மேடம் அம்மா ஜாடை" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. பொறுமையாக விளக்கினார். முகச்சாயலுக்கும் இந்த நோயைக் கொண்டுவரும் மரபணுக் கோளாறுக்கும் சம்பந்தமே கிடையாதாம். அம்மாவிடம் அந்தக் கோளாறு இருந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. சின்ன வயதில் வரும் கட்டி பெரும்பாலும் வேகமாக வளரும் ரகமாக இருக்கும். அதற்காக, மரபணுக் கோளாறு இருக்கிறது என்பதாலேயே வைத்தியம் பலிக்காது என்று நினைக்கக் கூடாது. என்ன ரகம், எவ்வளவு பரவியிருக்கிறது, எப்போது கண்டுபிடித்தோம் என்பதையெல்லாம் பொறுத்தது என்றார். இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது.

கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்ததும் எனக்கும் அக்காவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கோளாறு எனக்கு இருந்தது, அக்காவுக்கு இல்லை. என் மகளுக்குப் பதினோரு வயது. அவள் பெரியவளானதும் அவளுக்கும் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

இப்போது எனக்குக் கீமோ நடக்கிறது. மகள் திருவேற்காட்டில் அக்கா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெரியம்மா போட்ட பின்னல், பெரியம்மா சுட்ட ஆப்பம் என்று அதே பேச்சு. தலையில் ஒரு முடி இல்லாமல் உட்கார்ந்துகொண்டு, அவளுடைய ரெட்டைப் பின்னலைப் பார்ப்பேன். அக்காவின் கைவேலை அத்தனை அழகு. பற்றிக்கொண்டு வரும்.

போன ஞாயிறு மகளை விட வந்த அக்கா என் கட்டிலோரம் உட்கார்ந்தாள். தனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த சந்தோஷத்தை அவள் என்னிடம் மறைக்கத்தான் பார்க்கிறாள். முகம் கேட்பதில்லை. "எனுக்கே வந்திருக்கலாம்டி" என்றாள்.

இந்த மாதிரி நேரத்தில், அப்படியெல்லாம் சொல்லாதக்கா என்று நாம் சொல்ல வேண்டும். நான், "ஆமாக்கா. உனுக்கே வந்திருக்கலாம்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. என் போர்வையைச் சரிசெய்தாள். "வருஷா வருஷம் அந்த ரூமுக்குள்ள போம்போது, நான் செத்துப் பூட்டா எம் பசங்கள உங்கைலதான் உடணும்னு பயந்துகினே போவேன். உங்கிட்ட எப்டிடி சொல்றது? இப்ப பாப்பாவ நெனச்சி நீ ஒண்ணும் கவலப்படாத. டெஸ்டு எடுக்கணும்னா நான் கூட்டிகினு போறேன்."

அவ்வளவு வருஷம் அவள் பயந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மனசு இளகியிருக்க வேண்டும். எனக்கோ அவள் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் காதில் நின்றது.

"என் பொண்ண நீ ஏன் கூட்டிகினு போற? அவள நான் உனுக்கு உடமாட்டேன்."

அக்காவின் கன்னம் குழிந்தது. கண் நிறைந்திருந்தது.

"உடாதடி. நீயே வச்சிக்க. இருந்து வச்சிக்க."