உப்புத்தாள் பட்ட காசு

எங்கள் குப்பத்தில் புயல் ஓய்ந்த மறுநாள் கரையில் நடந்தால் சில நேரம் பழைய செப்புக்காசு கிடைக்கும். மற்றவர்கள் கண்டும் காணாமல் போவார்கள். நான் முந்தானையில் முடிந்துகொண்டு வருவேன். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, இறுக்கி மூடும் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தேன். புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் இழுக்க ஒரு சின்னப் பொட்டலம் வருமே, அதுவும் உள்ளே இருக்கும். மீன் அரிந்த கையால் அந்த டப்பாவைத் தொட்டதே இல்லை. காசை எடுத்தால் விளிம்பைத்தான் பிடிப்பேன். எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றது. "உன் காசுக்கு ஏசி வெக்கலியா?" என்று என் வீட்டுக்காரரே கேலி செய்திருக்கிறார்.

அவற்றில் ஒன்று நல்ல தடிமன். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் பச்சைக் களிம்புக்கு அடியில் ஒரு வரி எழுத்து தெரியும். என்ன எழுத்தென்று எனக்குப் பிடிபடவில்லை. பொன்னேரியில் பழங்காசு படிக்கத் தெரிந்த ஒரு கல்லூரி வாத்தியாருக்குப் போட்டோ அனுப்பினேன். "போட்டோவுல படிக்க முடியலம்மா, நேர்ல கொண்டாங்க. கழுவிடாதீங்க" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அது மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாத ஆம்பளைக்குக் கை சும்மா இருக்குமா? வலையைத் தைத்தார், எஞ்சினைக் கழற்றித் துரு எடுத்து கிரீஸ் பூசினார். அதோடு நின்றிருக்கலாம். நான் ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினால், டப்பா திறந்து கிடக்கிறது. வாசலில் உட்கார்ந்து அந்தத் தடிக்காசை உப்புத்தாளால் தேய்த்து முடித்து, எஞ்சின் சாமான் மாதிரியே கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிறார்!

"யாரக் கேட்டுய்யா எடுத்த?"

"இன்னாத்துக்கு இப்டி கத்தற? உப்புக் காத்துல வீணாப் போவாம நல்லது பண்ணேன். வாத்தியாராண்ட அழுக்கோடவா காட்டுவ?"

நான் போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. கூடியவர்கள் நியாயம் கேட்டார்களா? ஆளாளுக்குக் காசை வாங்கித் தடவிப் பார்த்து, "தங்கம் மாரி மின்னுது" என்று அவரைப் பாராட்டினார்கள். செல்லாக்காசுக்குப் புருஷனைத் திட்டுகிறவள் என்று எனக்குத்தான் பெயர். அவர் எஞ்சினை நான் ஒருநாள் புளி போட்டுத் தேய்த்திருந்தால் சும்மா விட்டிருப்பாரா? என் டப்பா என்றால் மட்டும் யார் வேண்டுமானாலும் திறக்கலாமாம்! வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

"வாத்தியாரே சொல்லட்டும், யார் பண்ணது சரின்னு" என்று அவரே என்னைப் பைக்கில் ஏற்றிப் பொன்னேரிக்கு அழைத்துப் போனார். வாத்தியார் மேசையில் துணி விரித்து, காசை விளிம்பில் பிடித்து, விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, "இது இருக்கட்டும்மா. போட்டோ அனுப்பினீங்களே, அந்தக் காச எடுங்க" என்றார்.

பதிலை என் வீட்டுக்காரரே சொல்லட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.