மாதக் கடைசியில் போட்ட கையெழுத்து

2009-ஆம் ஆண்டு, ஒரு மாதக் கடைசி. ஒரகடத்தில் டீக்கடைக்கு மேலே இருந்த எங்கள் அறையில் அன்று காலை இருந்தவர்கள் இரண்டே பேர்: நானும், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருந்த நண்பனும். மற்ற நான்கு பேரும் காலை ஏ ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவன் அன்று லீவு போட்டிருந்தால் இது அவனுடைய அனுபவமாகியிருக்கும்.

நாங்கள் இருவரும் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் டிரெய்னி. மதியம்தான் ஷிஃப்ட். பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். டீக்கடையும் அவருடையதுதான். கடை பெஞ்சில் போலீஸ் ஏட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இவருக்கு ரெண்டு பேரு கொறையுதாம்பா. ஒரு சட்டைய மாட்டிக்கினு கோர்ட்டு வரிக்கும் போய்ட்டு வந்துடுங்க. ஃபைன் நான் கட்டிக்கிறேன்" என்றார் வீட்டுக்காரர்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏட்டுதான் விளக்கினார். "மாசத்துக்கு இத்தினி சின்ன கேஸுன்னு காட்டணும் தம்பி. பொது எடத்துல சத்தம் போட்டீங்கன்னு எழுதிக்கிறேன். ஜட்ஜய்யா கேட்டா ஆமாங்கய்யான்னு சொல்லிட்டு வந்துகினே இரு. இதுல ஒண்ணும் ஆவாது."

வீட்டுக்காரர் நல்ல மனிதர். எனக்கு டைஃபாய்டு வந்தபோது பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோர்ட்டு வராந்தாவில் எங்களைப் போல ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். ஏட்டு ஒவ்வொருவராகப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் நின்ற நண்பன் கொஞ்சமும் தயங்காமல் நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயரைச் சொன்னான்.

"யாருல அது?" என்று காதில் கேட்டேன்.

"எங்க சித்தப்பா. நீ சும்மா இருல."

என் முறை வந்தது. நான் என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயர், ஊர், தாலுகா எல்லாம் கேட்காமலே சொன்னேன்.

"கையெழுத்தா, கைநாட்டா?"

"கையெழுத்து சார்!"

எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். ரேஷன் கடையிலும் பேங்கிலும் அப்பா விரலை மையில் அழுத்துவதைப் பார்த்து வளர்ந்தவன். அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அன்றும் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் நிதானமாக எழுதி, கீழே கோடும் இழுத்தேன்.

உள்ளே ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமாங்கய்யா" என்றேன். ஷிஃப்ட்டுக்கு நேரத்தோடு போய்விட்டோம். கம்பெனி லைனில் இரண்டு நாள் என்னை ரவுடி என்று கூப்பிட்டார்கள். பிறகு எல்லோரும் மறந்துவிட்டோம்.

2012-இல் கம்பெனி எட்டுப் பேரை ஆறு மாதப் பயிற்சிக்குக் கொரியா அனுப்பத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன், நண்பனும் இருந்தான். போய் வந்தால் வேலை நிரந்தரம். போகாதவர்களுக்கு அந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. பாஸ்போர்ட் விசாரணையெல்லாம் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. விசா படிவத்தில் ஒரு கேள்வியில்தான் நின்றுவிட்டேன். எப்போதாவது, எங்காவது, குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா? உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

கம்பெனி அதிகாரி மேடத்திடம் கேட்டேன். "எல்லாரும் இல்லன்னுதான் டிக் பண்ணுவாங்க. உங்களுக்கு மட்டும் என்ன யோசனை?" என்றார். வீட்டுக்காரர், "அதெல்லாம் ஒரு கேஸாபா? நீ பண்ணது உதவிபா!" என்றார். நண்பனிடம் கேட்டால், "எம்பேருல கேஸே கெடையாதுடே. இருந்தா சித்தப்பா பேருலதான் இருக்கும். அவரு கொரியாவுக்கா போகப்போறாரு?" என்று சிரித்தான்.

ஒரு வக்கீல் மட்டும் வேறு மாதிரி சொன்னார். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான். உண்டு என்று எழுதினால் கோர்ட்டு நகல் வைக்க வேண்டும். நகல் வாங்கக் கேஸ் நம்பர் வேண்டும். அந்த நம்பர் எனக்குத் தெரியாது. ஒருவர் சொன்னதைக் கேட்டுத் தெளிந்தால் அடுத்தவர் குழப்பிவிடுவார். தூக்கத்தில்கூட அந்த இரண்டு கட்டங்கள் வந்தன.

கடைசியில் வீட்டுக்காரரே ஏட்டைத் தேடிப் பிடித்தார். அவர் இப்போது சுங்குவார்சத்திரம் பக்கம் மாறியிருந்தார். பஸ் ஸ்டாப் டீக்கடையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். குடித்த டீ புரை ஏறிவிட்டது அவருக்கு.

"இன்னாது, நெசப் பேரையா குடுத்த?"

"நீங்கதான சார் பேரு கேட்டீங்க?"

"கேட்டா? அதுக்குன்னு சொந்தப் பேரையா சொல்லுவ? படிச்ச புள்ள தானேபா நீ!"

சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தன் ஓய்வு நாளில் வேட்டி சட்டையோடு கோர்ட்டுக்கு வந்தார். அவருக்குத் தெரிந்த எழுத்தரோடு பழைய பதிவேடுகளைப் புரட்டி, மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். யார் யாருடைய பெயர்களோ இருந்த அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து மட்டும் கோடு இழுத்துப் பளிச்சென்று இருந்தது.

நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் ஏட்டு மெதுவாகச் சொன்னார்: "அங்க கேட்டா உள்ளத சொல்லிக்க தம்பி. நான் ரிட்டயர்டு ஆவ இன்னும் நாலு மாசம் கீது. அதையும் பாத்துக்க."

சொல் என்றாரா, சொல்லாதே என்றாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

உண்டு என்ற கட்டத்தில் டிக் செய்து, நகலை வைத்து அனுப்பினேன். எட்டுப் பேரில் என்னை மட்டும் கொரியத் தூதரக அலுவலகத்துக்கு நேரில் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கொரிய அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்மணி.

"என்ன சத்தம் போட்டீங்க?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

"போடல மேடம்."

"போட்டேன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"ஆமா மேடம்."

"ஏன்?"

எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. ஏட்டு சொன்ன அந்த நாலு மாதமும் கூடவே வந்தது. "ஒத்துக்கச் சொன்னாங்க, ஒத்துக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அதிகாரி என்னையும் நகலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். அந்தப் பெண்மணி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்: "அப்போ கோர்ட்டுல சொன்னது பொய்யா, இங்க சொல்றது பொய்யான்னு கேக்குறார்."

அதுவரை படிவத்தில் பொய் எழுதக் கூடாது என்று இத்தனை பாடுபட்டவன் நான் என்ற ஒரு பெருமை எனக்குள் இருந்தது. அந்தக் கேள்வியில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. நண்பன் பெயரைப் பொய்யாகச் சொன்னான். நான் உண்மைப் பெயரைக் கொடுத்து, அதன் மேலே முழுப் பொய்யையும் ஏற்றிவைத்து, கோடும் இழுத்திருக்கிறேன்.

"கோர்ட்டுல சொன்னதுதான் மேடம்" என்றேன்.

பாஸ்போர்ட் ஐந்து வாரம் கழித்து வந்தது. விசா ஒட்டியிருந்தது. ஆனால் பேட்ச் கிளம்பி இருபது நாள் ஆகியிருந்தது. என் இடத்தில் பட்டியலின் அடுத்த ஆள் போய்விட்டான். இது கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்று அப்பா போனில் கேட்டார். வருடக் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. இப்போது மறைமலை நகரில் வேறு கம்பெனி. நண்பன் அங்கேயே நிரந்தரம். நான் செய்தது சரியா என்று அவன் கேட்கும்போதெல்லாம் வெவ்வேறு பதில் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போது எதிலாவது கையெழுத்துப் போடச் சொன்னால், கீழே என் பெயர் அழகாக விழுகிறதா என்று பார்ப்பதில்லை. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு முறை படிக்கிறேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு நாடும் ஒரு வேலையும் போயின. கோர்ட்டு நகலின் கடைசி வரியில் மட்டும் அதன் விலை வேறு மாதிரி எழுதியிருக்கிறது: அபராதம், ரூபாய் நூறு.